இணையம் கொடுத்த வாக்கு

இணையத்தின் முதல் வாக்குறுதிகள் இணையம் பிறக்கும் முன்பே எழுதப்பட்டவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பாவில் கணினிப் பிரிவுக்கு வெவ்வேறு காலங்களில் தலைமை வகித்தவர்கள் ஜே. சி. ஆர். லிக்லைடரும் ராபர்ட் டெய்லரும். 1968 ஏப்ரலில் அவ்விருவரும் கணினியை மனிதர்கள் உரையாடும் சாதனமாகக் கண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். கணினி அப்போது ஓர் அறையை அடைத்து நிற்கும் இயந்திரம். பக்கத்தில் வசிப்பவர் என்பதற்காகப் பழகும் நிலை மாறி, ஒத்த ஈடுபாடு உள்ளவர்கள் எங்கிருந்தாலும் கூடிப் பேசுவார்கள், அதனால் வாழ்க்கை மேலும் இனிமையாகும் என்று அவர்கள் நம்பினர். கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தனர். வலையில் இருப்பது எல்லோருக்கும் உரிமையாகுமா, சிலருக்கு மட்டும் சலுகையாகுமா என்பதைப் பொறுத்தே சமூகத்துக்கு அது நன்மையா தீமையா என்பது முடிவாகும். சலுகையாக நின்றுவிட்டால் அறிவு வாய்ப்பில் ஏற்கெனவே உள்ள இடைவெளி இன்னும் அகலும் என்றனர்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் வாக்குறுதிகள் பெருகின. உலகின் நூல்கள் எல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும், அச்சகமும் பதிப்பாளரும் இல்லாமல் யாரும் எழுதலாம், தொலைவு பொருளற்றுப்போகும், அரசுகளின் தணிக்கை செல்லாது, எவரும் தலைமை வகிக்காத வலையில் சிறியவரும் பெரியவரும் சமமாக நிற்பர். இவை நிறைவேறினவா என்று மொத்தமாகக் கேட்டால் தெளிவான விடை கிடைக்காது. ஒவ்வொன்றையும் நடைமுறைப்படுத்தியது யார், செலவை ஏற்றது யார், அவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பொதுச் சொத்தாகவும் எழுதப்பட்ட பொது விதியாகவும் நிறுவப்பட்ட வாக்குறுதிகள் பெரும்பாலும் நிலைத்தன. தொழில்நுட்பத்தின் இயல்பே பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்டவை கைமாறிப்போயின.

நிலைத்தவற்றில் முதன்மையானது வலையின் திறந்த அமைப்பு. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்துக் கணினிக்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் பெறும் கணினி செயலிழந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஸ்டீவ் குரோக்கர் என்ற மாணவர், கருத்துகளைக் கோரும் குறிப்புகள் என்ற வரிசையைத் தொடங்கியிருந்தார். வலையின் விதிகள் அன்றுமுதல் அந்த வரிசையில்தான் எழுதப்படுகின்றன. எவரும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வகுத்த நெறிமுறையிலிருந்து வளர்ந்த டிசிபி/ஐபி, 1983 ஜனவரி 1 முதல் ஆர்ப்பா வலையின் ஒரே மொழியாயிற்று. அதன்படி வலை தரவுப் பொதிகளைச் சுமந்து சென்று சேர்த்தால் போதும். உள்ளே இருப்பது என்ன என்று ஆராய வேண்டியதில்லை. ஆகவே புதிய சேவை ஒன்றைத் தொடங்க யாரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் பலன் 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் முன்வைத்த திட்டமே உலகளாவிய வலை. அதே காலத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய கோஃபர் என்ற முறையும் வேகமாகப் பரவிவந்தது. 1993இல் அந்தப் பல்கலைக்கழகம் கோஃபர் வழங்கி நிரலுக்குச் சிலரிடம் உரிமக் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன் தன் வலை நிரல்களைப் பொது உரிமையில் விட்டது. ஐரோப்பிய நாடுகளின் வரிப்பணத்தில் இயங்கிய ஆய்வகம் அது. லாபக் கணக்கு பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. சில ஆண்டுகளில் கோஃபர் மறைந்தது. இன்று உலகம் பயன்படுத்தும் வலை ஒரு பொது நிறுவனம் கையெழுத்திட்ட சில பக்க ஆவணத்தின்மேல் நிற்கிறது என்பது போதிய அளவு நினைக்கப்படுவதில்லை.

எவரும் எழுதலாம் என்ற வாக்குறுதி இன்னும் சுற்றிவளைத்த வழியில் வந்தது. பெர்னர்ஸ்-லீயின் முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தி எழுதவும் முடியும். 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற மொசைக் உலாவி படிப்பதற்கு மட்டுமே உதவியது. பின்வந்த உலாவிகளும் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றின. எழுதும் வசதி பிறகு திரும்பி வந்தபோது அது தனியார் நிறுவனங்கள் நடத்திய தளங்களுக்குள் வந்தது. எழுதியவர் வாடகைக்குக் குடியிருப்பவர் ஆனார். ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பக்கங்கள் அமைத்திருந்தனர். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. அதில் காப்பாற்றப்பட்டவை, புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகளும் தன்னார்வலர்களும் படியெடுத்து வைத்தவை.

தமிழில் இந்த வாக்குறுதிக்கு ஒரு கூடுதல் தடை இருந்தது. 1990களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் தனக்கென ஒரு குறியேற்றத்தையும் வைத்திருந்தது. ஒரு நாளிதழைப் படிக்க அதன் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவ வேண்டும். அடுத்த இதழுக்கு வேறொன்று. ஒரு தளத்தில் எழுதியதை இன்னொன்றில் ஒட்டினால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. உலகத்தோடு பேசலாம் என்ற வாக்கு, தமிழருக்குள்ளேயே பேச முடியாத நிலையில் வந்து நின்றது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் தமிழைக் கணினியிலும் இணையத்திலும் ஏற்ற உழைத்தனர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. திஸ்கி, டாப், டாம் என்று பொதுக் குறியேற்றங்கள் பிறந்தன. தமிழ்99 விசைப்பலகை முடிவாயிற்று.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடு, 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. அது இந்திய அரசின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றி அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக வைத்ததால், எழுத்துக்கு ஓரிடம் என்ற முறை தமிழுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைச் சொல்லி நீண்ட காலம் வாதங்கள் நடந்தன. அவற்றில் நியாயமும் இருந்தது. ஆனாலும் எல்லாக் கருவிகளும் ஏற்றுக்கொண்ட ஒரே விதி என்ற வலிமைதான் கடைசியில் வென்றது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், தமிழ் எழுத்துகள் அனைத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது. இன்று கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்பும் எவருக்கும் இந்த வரலாறு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பொது விதி முழுமையாக வெற்றி பெற்றதற்கு அதுவே சான்று.

அந்த விதியின்மேல் எழுந்தவை சிறியவை அல்ல. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைத்துத் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த தமிழ் இலக்கியங்களைக் கட்டணமின்றித் தருகிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்த இழப்பின் நினைவு மறையாத சமூகத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் மின்படிகளாக்கி எவரும் படிக்க வைத்திருக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஒரு தீக்குச்சியால் அழிக்க முடியாத நூலகம் என்பது தமிழருக்கு இணையம் காப்பாற்றிய மிகப் பெரிய வாக்கு. அதைக் காப்பாற்றியவர்கள் ஊதியம் பெறாமல் இரவுகளில் தட்டச்சு செய்தவர்கள்.

லிக்லைடரும் டெய்லரும் வைத்த நிபந்தனைக்கு, அதாவது உரிமையா சலுகையா என்ற கேள்விக்கு, விடை இன்னும் பாதியில் நிற்கிறது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, அதன் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாததாக இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தமிழகச் சிற்றூர்களுக்கு இணையம் பிரௌசிங் சென்டர் வழியாகவே போயிற்று. பிளஸ் டூ முடிவு பார்க்க அங்கே வரிசையில் நிற்காத குடும்பம் குறைவு.

அதே காலத்தில் ஒரு குறிப்பிடத்தக்க முயற்சி நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில், வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. எல்லாச் சாதியினரும் வரக்கூடிய பொது இடத்தை ஊரார் தர வேண்டும் என்பது நிபந்தனை. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை அனுப்பினார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். எச்சரிக்கையைக் கடைசியாக மக்களிடம் சேர்த்தது கணினித் திரை அல்ல. ஊரே சேர்ந்து பராமரித்த ஒரு பொதுச் சாதனமும், அதை இயக்கத் தெரிந்த மனிதரும் அங்கே தயாராக இருந்தார்கள்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் தொடங்கிய இணையக் கூடங்களின் கதை வேறு. சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அங்கே பயன்பட்டது. கூடங்களைப் பெரும்பாலும் உள்ளூர்த் தொழில்முனைவோர் லாபத்தில் நடத்த வேண்டும் என்பது திட்டம். சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தபோது கூட்டம் வந்தது. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசுச் சேவை தளர்ந்தது; வருவாய் போதாமல் சில ஆண்டுகளில் பெரும்பாலான கூடங்கள் மூடப்பட்டன. கருவி இரண்டு இடங்களிலும் நன்றாகவே வேலை செய்தது. மேலூரில் அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய ஏற்பாடுதான் விலகிக்கொண்டது.

கைப்பேசி அந்த இடத்தை நிரப்பியது. 2016 செப்டம்பரில் ஜியோ சில மாதங்களுக்கு இலவசத் தரவோடு வந்த பிறகு இந்தியாவில் தரவின் விலை சரிந்தது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்கினரே. ஆண்களில் பாதிக்கு மேல். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது தமிழக அரசு பாடங்களைக் கல்வித் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பியது, எல்லா வீடுகளிலும் திறன்பேசி இல்லை என்று தெரிந்தே. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 550 கோடிப் பேர் இணையத்தில் இருந்தனர், 260 கோடிப் பேர் வெளியே இருந்தனர். செல்வ நாடுகளில் 93 சதவீதத்தினருக்கும், மிக ஏழை நாடுகளில் 27 சதவீதத்தினருக்கும் இணையம் எட்டியிருந்தது.

எல்லைகள் மறையும் என்ற வாக்கு மிகத் தெளிவாகத் தோற்றது. 1996 பிப்ரவரி 8 அன்று, அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் கையெழுத்தான நாளில், இணைய உரிமைச் செயற்பாட்டாளர் ஜான் பெர்ரி பார்லோ டாவோஸ் நகரிலிருந்து இணையவெளியின் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். இணையத்தின்மேல் அரசுகளுக்கு ஆட்சி உரிமை இல்லை என்பதே அதன் சாரம். ஆனால் வடங்களும் திசைவிகளும் ஏதோ ஒரு நாட்டின் மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றை நடத்துவோர் அந்த நாட்டின் உரிமத்தைச் சார்ந்தவர்கள். சீனா பெரும் வடிகட்டி அமைப்பை எழுப்பியது. எகிப்து 2011 ஜனவரி இறுதியில் ஏறத்தாழ நாடு முழுவதும் இணைப்பைத் துண்டித்தது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்ட பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. மக்கள் ஒருவரையொருவர் தேடிய நாட்கள் அவை. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட அதிவேக இணைப்பு 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்த பிறகும் ஓராண்டு கடந்திருந்தது.

பார்லோவின் பிரகடனம் வெளியாகிச் சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி 8 அன்று, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தளத்துக்குத் தளம் வேறுபட்ட தரவுக் கட்டணம் விதிப்பதைத் தடை செய்தது. தான் தேர்ந்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அதனால் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே வலைச் சமத்துவம் கோரிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குப் போயிருந்தன. எல்லாப் பொதிகளும் சமம் என்ற பழைய வாக்கை அந்த நாளில் காத்தது ஓர் அரசு ஆணையமும் அதை நெருக்கிய குடிமக்களும். அரசு விலகி நின்றாலே சுதந்திரம் நிலைக்கும் என்ற பார்லோவின் கணிப்பு பாதிதான் சரி.

மிகப் பெரிய ஏமாற்றம் பணத்தின் வழியாக வந்தது. வலையின் நெறிமுறையில் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. பக்கம் கிடைக்கவில்லை என்பதற்கான 404 எல்லோரும் அறிந்தது. பணம் செலுத்த வேண்டும் என்பதற்கு 402 ஒதுக்கப்பட்டது. வருங்காலப் பயன்பாட்டுக்கு என்று குறிக்கப்பட்ட அது வெறும் இடமாகவே இருந்துவிட்டது. சிறு தொகையை எளிதாகச் செலுத்தும் பொது விதி எழுதப்படவில்லை. 1995 ஏப்ரலில் அமெரிக்க அரசின் அறிவியல் அறக்கட்டளை தன் முதுகெலும்பு வலையை மூடி, பொறுப்பைத் தனியாருக்கு விட்டது. அதற்குள் விளம்பரம் நுழைந்திருந்தது. ஹாட்வயர்ட் தளத்தில் 1994 அக்டோபரில் பட்டை விளம்பரங்கள் வந்தன. அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி, வாங்கும் பொருள்களைத் தளம் நினைவில் வைத்திருக்க உதவும் குக்கி என்ற சிறு கோப்பை வடிவமைத்தார். விளம்பர நிறுவனங்கள் அதைக்கொண்டு ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடரத் தொடங்கின. மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்பாகவே தடுக்க வேண்டும் என்று 1997இல் வெளியான பொது விதி சொன்னது. முன்னணி உலாவிகள் அதை ஏற்கவில்லை. வரலாறு வேறு திசையில் போயிருக்கக்கூடிய இடம் அது.

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எச்சரித்தனர். 2000 அக்டோபரில் அவர்களே தங்கள் விளம்பரச் சேவையைத் தொடங்கினர். 2023இல் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருவாயில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் ஏறத்தாழ முழுவதும். படிப்பவரின் நேரமே விற்பனைப் பொருளானபின், எந்தப் பதிவு அவரை நீண்ட நேரம் நிறுத்துகிறதோ அதுவே முன்னால் வைக்கப்படும். 2018இல் ஃபேஸ்புக் தன் வரிசைமுறையை மாற்றியபோது அது சினத்தைத் தூண்டும் பதிவுகளுக்கு ஊக்கம் தருகிறது என்று அதன் சொந்த ஆய்வாளர்களே எச்சரித்ததை, 2021இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளியிட்ட உள் ஆவணங்கள் காட்டின.

இதன் விலையை மிகக் கொடுமையாகக் கொடுத்த நாடு மியான்மர். 2014க்குப் பின் சிம் அட்டை மலிவானபோது அங்கே பலருக்கு ஃபேஸ்புக்கே இணையமாக அறிமுகமாயிற்று. 2015இன் தொடக்கத்தில் பர்மிய மொழிப் பதிவுகளைச் சரிபார்க்க அந்நிறுவனத்தில் இரண்டு பேரே இருந்தனர் என்று ராய்ட்டர்ஸ் பின்னர் செய்தி வெளியிட்டது. தமிழ் கடந்துவந்த குறியேற்றச் சிக்கல் அங்கே அப்போது தீர்ந்திருக்கவில்லை. பெரும்பாலோர் யூனிகோடுக்கு ஒத்துப்போகாத ஸாஜி எழுத்துருவில் எழுதினர், ஆகவே வெறுப்புப் பேச்சை இயந்திரத்தால் கண்டறிவது மேலும் கடினமாயிற்று. 2017இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் உயிருக்கு அஞ்சி வங்கதேசத்துக்குள் ஓடினர். ஐ.நா. உண்மையறியும் குழு 2018இல் வெறுப்பைப் பரப்பியதில் ஃபேஸ்புக்கின் பங்கைச் சுட்டிக்காட்டியது. போதிய அளவு செயல்படவில்லை என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் இலங்கையில் கண்டி வட்டாரத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது; தன் தளத்தின் பங்குக்காக ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஒத்த ஈடுபாடு உள்ளவர்கள் கூடுவார்கள் என்ற 1968இன் இனிய கணிப்பில், வெறுப்பும் ஓர் ஈடுபாடாகலாம் என்பது கணக்கில் வரவில்லை. தொலைவில் உள்ள நிறுவனம், தனக்குத் தெரியாத மொழியில் நடக்கும் உரையாடலிலிருந்து வருவாய் ஈட்டுவதும் எதிர்பார்க்கப்படவில்லை.

வலையின் அடித்தளம் இன்றும் எவருக்கும் சொந்தமில்லாதது. மின்னஞ்சல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குத் தடையின்றிப் போகிறது, ஏனெனில் அதன் விதி 1982 முதல் பொதுவானது. உடனடிச் செய்திச் செயலிகளுக்கு அப்படிப்பட்ட விதி நடைமுறையில் நிலைபெறாததால் ஒன்றிலிருப்பவர் மற்றொன்றிலிருப்பவரிடம் பேச முடிவதில்லை. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேயே எல்லோரும் சேர வேண்டியிருக்கிறது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்ததாக 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். ஆப்பிள் கருவிகளில் இயல்பாகவே அமையும் தேடுபொறியாக இருக்க 2022ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் 2,000 கோடி டாலர் கொடுத்தது அவ்வழக்கில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் வந்த தீர்வாணை குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை. பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடுத்து, தேடல் தரவின் ஒரு பகுதியைப் போட்டியாளர்களுக்குத் தரச் சொன்னது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டம் இதைவிட நேரடியானது. 2024 மார்ச் முதல் அதன் கடமைகள் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. சிறிய செயலி ஒன்று கேட்டால் வாட்ஸ்அப் அதனோடு செய்திப் பரிமாற்றத்துக்கு வழிசெய்ய வேண்டும். இருவர் பேசும் குறுஞ்செய்தி முதலில், குழு உரையாடலும் அழைப்பும் பின்வரும் ஆண்டுகளில். இன்னொரு பக்கம், 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்ற ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை, சமூக ஊடகத் தளங்கள் மின்னஞ்சலைப் போல ஒன்றோடொன்று பேச வழி தருகிறது. மாஸ்டடான் அதன்மேல் இயங்குகிறது. மெட்டாவின் திரெட்ஸ் அதில் பகுதியளவு இணைந்திருக்கிறது. எவரும் படிக்கவும் திருத்தம் சொல்லவும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் அந்த விதியும் பொதுவில் வெளியிடப்பட்டிருக்கிறது.